உங்கள் புளோக்கின் பூனைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அது நீங்கி, உரிமம் பெற்று வளர்க்கலாம் என்றானது. அதன் பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் வீட்டுப் பூனைகளைவிடக் கீழ்த்தளத்திலும் வாகன நிறுத்தத்திலும் திரியும் பூனைகளைப் பற்றியவைதான் அதிகம். இந்த மாதம் பெரும்பாலும் அவற்றுக்கே இடம் தருகிறேன். பல ஆண்டுகளாக எங்கள் புளோக்கின் கீழ்த்தளப் பூனைகளுக்கு உணவு வைத்து, கருத்தடைக்கும் கொண்டுபோய் வருகிறேன். கீழே உள்ள பதில்களில் சட்டம் சொல்வதும் இருக்கும், என் அனுபவம் சொல்வதும் இருக்கும்.

அக்கா, எங்கள் புளோக்கின் கீழே நான்கு பூனைகளுக்கு இரவில் சாப்பாடு வைக்கிறேன். மூன்றாவது மாடியில் இருப்பவர், "இது சட்டவிரோதம், படம் எடுத்து அனுப்பப் போகிறேன்" என்கிறார். எனக்கு அபராதம் வருமா?
*ஈசூன் வாசகி*

பூனைக்கு உணவு கொடுப்பது சிங்கப்பூரில் குற்றமில்லை, தங்கச்சி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பலருக்கு இங்கே குழப்பம் வருவதற்குக் காரணம் புறாதான். புறா, மைனா, குரங்கு, காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கு உணவு கொடுப்பதை வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். பூனை அந்தச் சட்டத்தில் வரவில்லை.

ஆனால் உணவை வைத்துவிட்டுப் போவது வேறு விஷயம். தரையில் கிடக்கும் மிச்சம், காகிதம், தட்டு எல்லாம் குப்பை. குப்பை போட்டதாக வழக்கு நீதிமன்றம் போனால் முதல் தடவைக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் வரும். உங்கள் மூன்றாவது மாடிக்காரர் எடுக்கும் படத்தில் தெரியப்போவதும் இதுதான். நீங்கள் போன பிறகு அங்கே கிடக்கும் தட்டு, அதில் மொய்க்கும் எறும்பு, காலையில் துப்புரவுப் பணியாளர் குனிந்து துடைக்கும் மீன் எண்ணெய்.

அதனால் எப்போதும் ஒரே நேரம், ஒரே மூலை. நடைபாதை, மின்தூக்கி வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம் இவற்றைத் தவிருங்கள். பசியோடு வரும் பூனை கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடும். அதுவரை பக்கத்தில் நின்று, முடிந்ததும் தட்டை எடுத்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் நகரவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தையும் விட்டுவிட்டு வராதீர்கள், கொசு முட்டையிடும். டெங்கி உள்ள ஊரில் அதற்கு மன்னிப்பே கிடையாது. நம் வீட்டுப் பழக்கத்தில் பாலும் சோறும் வைப்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றோட்டம் வரும். அது யார் வாசலில் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உலர் உணவு போதும், சிந்தினாலும் சுலபமாக அள்ளலாம்.

இன்னொன்று கேட்கிறேன். அந்த நான்குக்கும் கருத்தடை ஆகிவிட்டதா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உணவு மட்டும் வைத்துக் கருத்தடையை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு நான்கு பூனை பன்னிரண்டாகும், அப்போது மூன்றாவது மாடி மட்டுமல்ல, புளோக்கே உங்களுக்கு எதிராக நிற்கும். இரவு உணவுக்கு அவை நேரம் தவறாமல் வருகின்றன என்றால் பிடிப்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பூனைகள் நலச் சங்கத்திடம் சொல்லுங்கள். 1999 முதல் இந்த வேலையைச் செய்பவர்கள், உங்கள் வட்டாரத் தொண்டூழியரோடு இணைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் நீங்களே போய்ப் பேசுங்கள். எத்தனை பூனை, எத்தனைக்குக் கருத்தடை ஆகிவிட்டது, எத்தனை மணிக்குத் துடைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சரியான விவரம் கிடைத்ததும் கோபம் தணிந்த மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வணக்கம் அம்மா. எனக்கு வயது எழுபத்திரண்டு. வாசலில் துளசி, கற்பூரவல்லி வைத்திருக்கிறேன். ஒரு பூனை தினமும் தொட்டியைத் தோண்டி அசிங்கம் செய்கிறது, காலணி அலமாரியில் சிறுநீர் தெளிக்கிறது. தண்ணீர் பாட்டில் வைத்தேன், பாச்சை உருண்டை போட்டேன். பயனில்லை. நகர மன்றத்திடம் சொல்லி அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்ல முடியுமா?
*தெம்பனிஸ் வாசகர்*

ஐயா, துளசித் தொட்டியில் அசிங்கம் செய்தால் மனம் எவ்வளவு வருந்தும் என்று எனக்குத் தெரியும். உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. பூனைக்கு உணவு வைப்பவள் என்பதற்காக அதை நான் சிறிதாக்கிப் பேசமாட்டேன்.

முதலில் பாச்சை உருண்டைகளை இன்றே எடுத்துவிடுங்கள். அது பூனைக்கு விஷம். தாழ்வாரத்தில் ஓடும் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் குழந்தைக்கும் விஷம். வரிசையாக வைத்த தண்ணீர் பாட்டில்கள் எல்லா வீவக தாழ்வாரத்திலும் இருக்கின்றன, அவற்றில் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனைகளும் இருக்கின்றன. அதை நம்பிப் பயனில்லை. தொட்டி மண்ணின் மேல் கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்புங்கள், அல்லது செடித்தண்டு வருமளவு வெட்டி ஒரு கம்பி வலையைப் போடுங்கள். பூனைக்குத் தோண்டக்கூடிய மண் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேறு இடம் தேடும். காலணி அலமாரிக்குக் கதவு உள்ளதாக மாற்ற முடிந்தால் நல்லது. தெளித்த இடத்தை, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் கழுவுங்கள். அமோனியா வாசமுள்ள திரவம் வேண்டாம், அது சிறுநீர் போலவே மணப்பதால் பூனை திரும்பவும் வந்து அதே இடத்தில் தெளிக்கும்.

இனி அந்தப் பூனை. பகலில் ஒருமுறை அதன் காதைக் கவனித்துப் பாருங்கள். இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை ஆன சமூகப் பூனை, அதாவது தனி உரிமையாளர் இல்லாமல் புளோக்கில் வாழும் பூனை. கழுத்தில் பட்டை இருந்தால் யாரோ ஒருவர் வீட்டுப் பூனை. அப்படியென்றால் பேசவேண்டியது அந்த வீட்டுக்காரரிடம். வளர்ப்புப் பூனை வெளியே திரியாமல் பார்த்துக்கொள்வது இப்போது உரிமையாளரின் பொறுப்பு. கேட்காவிட்டால் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ்ஸிடம் தெரிவிக்கலாம். இரண்டும் இல்லையென்றால், அலமாரியில் தெளிப்பதை வைத்துப் பார்க்கும்போது, அது கருத்தடை ஆகாத ஆண் பூனையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லை காட்டத்தான் அது தெளிக்கிறது. கருத்தடை செய்த சில வாரங்களில் அந்தப் பழக்கமும், அந்தக் கடுமையான வாடையும், நள்ளிரவுச் சண்டையும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்கிறீர்கள். இந்த ஊர் அதைச் செய்து பார்த்திருக்கிறது, ஐயா. 1998இல் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டம் ஒன்று தொடங்கியது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது அதை நிறுத்திவிட்டார்கள். பூனைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவற்றில் பெரும்பாலானவை திரும்பவில்லை. அப்படியும் நம் புளோக்குகளில் பூனை இல்லாமல் போனதா? ஓரிடத்தில் உணவும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை, ஒரு பூனை போனால் பக்கத்துப் புளோக்கிலிருந்து இன்னொன்று வரும். வருவது பெரும்பாலும் கருத்தடை ஆகாததாக இருக்கும், திரும்பவும் முதலிலிருந்து தெளிக்கும், குட்டி போடும். கருத்தடை ஆன பூனை தன் இடத்தில் இருந்தால் புதியது எளிதில் நுழையாது. 2011இல் கருத்தடைத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்ததும், 2024இல் புதிய விதிகளோடு சேர்த்து, பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடிக் கொடுப்பது அல்லது அதே இடத்தில் விடுவது என்று நாடு முழுக்க விரிவாக்கியதும் இந்த அனுபவத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் நகர மன்றத்துக்குக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் "பூனையை அகற்றுங்கள்" என்று எழுதாமல், "கருத்தடை ஆகாத ஆண் பூனை, இந்த மாடி, இந்த நேரம், கருத்தடைக்கு ஏற்பாடு வேண்டும்" என்று எழுதுங்கள். உங்கள் புளோக்கில் இரவில் உணவு வைப்பவர் ஒருவர் இருப்பார். துப்புரவுப் பணியாளரைக் கேட்டால் அடையாளம் காட்டுவார். அவரிடம் சொல்லுங்கள், ஒரு பெரியவர் தன்னை எதிரியாகப் பார்க்காமல் உதவி கேட்டு வந்திருக்கிறார் என்றால் அவர் ஓடி வருவார்.

நான் துவாஸில் ஒரு வேலைத்தளத்தில் வேலை செய்கிறேன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். இரும்புக் கம்பி அடுக்கிய இடத்துக்குப் பின்னால் ஒரு தாய்ப்பூனை நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. கண் இப்போதுதான் திறந்திருக்கிறது. நானும் நண்பர்களும் மீன் வைக்கிறோம். சூப்பர்வைசர் பூச்சிக்கொல்லி நிறுவனத்தைக் கூப்பிடப் போவதாகச் சொல்கிறார். குட்டிகளைப் பெட்டியில் போட்டு பக்கத்துப் பூங்காவில் விட்டுவிடலாமா அக்கா?
*துவாஸ் வாசகர்*

தம்பி, நாள் முழுக்க வெயிலில் வேலை செய்துவிட்டு, உங்கள் சாப்பாட்டு மீனில் ஒரு பங்கை அதற்கு வைக்கிறீர்கள். நன்றி என்று முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

பூங்காவில் விடவே கூடாது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் கண் திறந்த குட்டிக்கு ஒன்று முதல் இரண்டு வாரம்தான் வயது. தாய்ப்பால் இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்காது. விலங்கைக் கைவிடுவதைச் சட்டமும் கடுமையாகப் பார்க்கிறது. வேலை அனுமதியில் வந்திருக்கும் நீங்கள் அந்தச் சிக்கலில் மாட்டக்கூடாது.

இப்போது செய்யவேண்டியது குட்டிகளை இருக்கும் இடத்திலேயே விடுவது. கையில் எடுத்துக் கொஞ்சவேண்டாம். அடிக்கடி ஆள் வந்தால் தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இன்னும் ஆபத்தான இடத்துக்கு மாற்றிவிடும், கம்பிக் கட்டின் உள்ளே போய்விட்டால் யாராலும் எடுக்க முடியாது. மீனைச் சற்றுத் தள்ளி, தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். முள் எடுத்த, உப்பும் மசாலாவும் போடாத மீன். உங்கள் குழம்பு மீன் அதற்கு ஆகாது. தண்ணீரும் வேண்டும்; பால் கொடுக்கும் தாய் நிறையக் குடிக்கும். மாலையில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுங்கள். லாரி ஓட்டும் நண்பர்களிடம் சொல்லிவையுங்கள், காலையில் வண்டியைக் கிளப்பும் முன் முன்மூடியை இரண்டு தட்டு தட்டட்டும். மழை நேரத்தில் சூட்டுக்காகப் பூனைகள் என்ஜின் பக்கம் ஏறிவிடும்.

சூப்பர்வைசரிடம் அவகாசம் கேளுங்கள். இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சுவதைவிட வேலைத்தளக் கணக்கில் சொல்வது அங்கே எடுபடும். தாயை மட்டும் இப்போது பிடித்துக்கொண்டு போனால் நான்கு குட்டியும் கம்பிக்கு நடுவே செத்து நாறும். நான்கு முதல் ஐந்து வாரத்தில் குட்டிகள் திட உணவு தின்னத் தொடங்கும், எட்டு வாரத்தில் தாயை விட்டுப் பிரிக்கலாம். அதுவரை அந்த மூலையை மட்டும் தொடாமல் விட்டால் போதும். இன்றே பூனைகள் நலச் சங்கத்துக்கோ விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கோ இணையம் வழியாகப் படத்தோடு எழுதுங்கள். வேலைத்தளத்துக்குள் தொண்டூழியர்கள் வர நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எட்டு வாரத்துக்குள் மனிதரிடம் பழகிய குட்டிக்கு வீடு கிடைப்பது சுலபம். அந்த வயதைத் தாண்டி மனிதர் பழக்கமே இல்லாமல் வளர்ந்தது பெரும்பாலும் சீறும், ஒளியும். ஆகவே ஐந்தாவது வாரம் முதல் நீங்களும் நண்பர்களும் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினால் அது பெரிய உதவி.

தாயை மறந்துவிடாதீர்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினையாகலாம். சுமார் ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று. தொழிற்பேட்டைகளில் பூனை பெருகுவதே இப்படித்தான்: வேலை நடக்கும்வரை ஆள்கள் அன்போடு சாப்பாடு வைப்பார்கள், திட்டம் முடிந்ததும் எல்லோரும் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள், பூனைகள் பசியோடு அங்கேயே நிற்கும். குட்டிகள் போன கையோடு தாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டதா என்று தொண்டூழியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் மகள் மூன்று மாதக் கர்ப்பம். வீட்டில் ஐந்து வருடமாக ஒரு பூனை இருக்கிறது. பூனையால் கருவுக்கு ஆபத்து என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். மருமகன் அதைக் கீழ்த்தளத்தில் விட்டுவிடலாம், அங்கேதான் சாப்பாடு போடுகிறார்களே என்கிறார்.
*பிடோக் வாசகி*

வேண்டாம் அம்மா. அவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது உண்மையான நோய்தான், ஆனால் பூனையைத் தொடுவதால் வருவதில்லை. தொற்றுள்ள பூனையின் மலத்தில் வெளியேறும் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும். அதை மகள் செய்யக்கூடாது. மருமகன் செய்யட்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவது ஆகியவற்றாலும் இதே நோய் வரும், அவற்றிலும் கவனம் வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொன்னால் தேவையான இரத்தப் பரிசோதனையை அவரே சொல்வார்.

ஐந்து வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்த பூனையைக் கீழே விட்டால் அது பிழைப்பது கடினம். வண்டி தெரியாது, மற்ற பூனைகளிடம் சண்டை போடத் தெரியாது. மருமகனிடம் இதையும் சொல்லுங்கள்: வளர்த்த விலங்கைக் கைவிட்டால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கீழ்த்தளத்தில் உணவு வைப்பவர்கள், ஏற்கெனவே அங்கே இருப்பவற்றைப் பராமரிக்கிறார்கள். மற்றவர்கள் கொண்டுவந்து விடும் பூனைகளுக்கும் சேர்த்து அவர்களைப் பொறுப்பாக்குவது அநியாயம். எங்கள் புளோக்கில் இப்படி விடப்பட்ட பூனைகள் சில நாள் மின்தூக்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்திருக்கிறது.

மதுரையிலிருந்து செங்காங் வந்து ஆறு மாதம் ஆகிறது. கீழே இருக்கும் பூனை என் மகனைக் கீறிவிட்டது. வெறிநாய்க்கடி ஊசி போடவேண்டுமா? இன்னொன்று, "அந்தப் பூனையின் காதை ஏன் வெட்டினார்கள், வலித்திருக்குமா" என்று அவன் உங்களிடம் கேட்கச் சொன்னான்.
*செங்காங் வாசகி*

சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை. ஊரில் நமக்கு இருக்கும் அந்தப் பயம் இங்கே தேவையில்லை. ஆனால் கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக் கீறலிலும் கடியிலும் கிருமி புகுந்து வீங்குவது உண்டு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று அவர் கேட்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மட்டும் கதை வேறு. அங்கே நாயோ பூனையோ கடித்தால் ஊசி கட்டாயம்.

மகனுக்கு: கண்ணா, கருத்தடை செய்ய மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருக்கும்போதே காது நுனியையும் துளி வெட்டிவிடுவார்கள். அப்போது அதற்கு வலி தெரியாது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தால், அதே பூனையைத் திரும்பப் பிடித்துத் திரும்ப மயக்க மருந்து கொடுக்கும் தொல்லை அதற்கு இருக்காது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் அதைத் தொடாதே, கீறாது.

வீவக வீட்டில் மூன்று பூனை வைத்திருக்கிறேன். இரண்டுதான் அனுமதி என்கிறார்கள். ஒன்றை விட்டுவிடவேண்டுமா? மூன்றும் தெருவிலிருந்து எடுத்தவை.
*பொங்கோல் வாசகர்*

விடவேண்டியதில்லை. ஒரு வீவக வீட்டுக்கு இரண்டு பூனை என்பதுதான் விதி. தனியார் வீடுகளில் நாயும் பூனையும் சேர்த்து மூன்று வரை. ஆனால் 2024 செப்டம்பர் 1 முதல் 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் உரிமம் எடுத்துவிட்டால் ஏற்கெனவே இருக்கும் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. ஏவிஎஸ்ஸின் இணையத்தில் இலவச வளர்ப்புப் பயிற்சியை முடித்து, மூன்றுக்கும் தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் பொருத்தி, அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக விண்ணப்பியுங்கள். கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். மைக்ரோசிப் பொருத்தும் மருந்தகங்களில் கூட்டம் இருக்கும்.

வளர்ப்புப் பூனைக்குக் கருத்தடையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஊக்குவிக்க மட்டும் செய்கிறது. கட்டாயமாக்கியிருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சன்னல் வழியே தப்பிய ஒரே ஒரு பெண் பூனை போதும், ஒரு புளோக்கின் கீழ்த்தளம் நிறையும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கருத்தடைக்கும் மைக்ரோசிப்புக்கும் அரசு உதவித் திட்டம் இருக்கிறது, விசாரியுங்கள்.

அப்புறம் சன்னல்களுக்கும் வாசல் இரும்புக் கதவுக்கும் வலை போடுங்கள். வழக்கமான சன்னல் கம்பி போதாது. வளர்ந்த பூனைகூட இடைவெளியில் புகுந்துவிடும். கொசுவலையைக் கிழித்துவிடும். தலை நுழையாத அளவு சிறிய கண்ணி உள்ள, உறுதியான கம்பி வலை அல்லது தடித்த நைலான் வலையை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டவேண்டும். குளியலறைச் சன்னலைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.